விண்டோஸ் அப்டேட் நிறுவப்படாமல் தோல்வியடைகிறதா? அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸ் அப்டேட் மாதக்கணக்கில் நிறுவப்படாமல் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தார். கடைக்காரர் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார். அதன்பின் அப்டேட் ஒழுங்காக நிறுவப்பட்டது. ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்த குடும்பப் படங்களும், சித்தப்பா பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஊர்க்கோயில் கணக்குகளும் போய்விட்டன. கடைக்குக் கொண்டுபோகும் முன் அவர் தம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த திரையின் படத்தைப் பிறகுதான் பார்த்தேன். அதில் இருந்த பிழை எண் 80070070. வட்டில் இடம் போதவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். வேண்டாத கோப்புகளில் பத்து ஜிபியை நீக்கியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

அந்த இழப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. இந்த வழிமுறையை எழுதுவதற்கு அதுவே காரணம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவை உள்ள வீட்டுக் கணினிகளுக்கு இது பொருந்தும். அலுவலகம் தந்த கணினியில் அப்டேட்டுகளை அலுவலகத்தின் கணினிப் பிரிவு கட்டுப்படுத்தியிருக்கக்கூடும் என்பதால், அங்கே எதையும் மாற்றும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதல் வேலை, உங்கள் கோப்புகளின் நகல் ஒன்றை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வைப்பது. கீழே சொல்லப்போகும் வழிகளில் பெரும்பாலானவை கோப்புகளைத் தொடாதவை என்றாலும், அப்டேட்டே கோப்புகளை அழித்த நிகழ்வும் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சிலருடைய கணினிகளில் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதன் விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. உங்கள் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், தோல்வியடைந்த அப்டேட்டுக்குப் பின் கணினி 48 இலக்கங்கள் கொண்ட அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். புதிய மடிக்கணினிகளில் இந்தக் குறியாக்கம் உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருப்பது வழக்கம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் கணினியின் பெயருக்கு நேராக அந்தச் சாவி இருக்கிறதா என்று கைப்பேசியிலிருந்து பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் அந்த வட்டில் உள்ளதை யாராலும் மீட்க முடியாது.

மூன்றாவது, பிழை எண்ணைக் குறித்துக்கொள்வது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால், தோல்வியடைந்த ஒவ்வோர் அப்டேட்டுக்கும் அருகில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணோடு, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேடும்போது நின்றதா, பதிவிறக்கும்போதா, நிறுவும்போதா, மறுதொடக்கத்துக்குப் பின்னரா என்று தெரிந்துவிட்டால், பாதிக் காரணங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

எண்ணைப் படிக்கும் முறை

விண்டோஸ் காட்டும் எண்கள் எல்லாம் பூஜ்யமும் எக்ஸ் என்ற எழுத்தும் சேர்ந்து தொடங்கும்; அந்த முன்னொட்டை விட்டுவிட்டு, பின்னால் வரும் எட்டு இலக்கங்களை மட்டும் இங்கே தருகிறேன். அந்த எண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்படுவதால் இடையிடையே ஆங்கில எழுத்துகளும் வரும்; இங்கே சி, ஈ, எஃப் என்று எழுதியிருப்பவை திரையில் C, E, F என்று தெரியும்.

8007 என்று தொடங்கினால், அது விண்டோஸின் பொதுவான பிழை. அப்டேட்டுக்கென்று தனியாக உள்ளதன்று. கடைசி நான்கு இலக்கங்களே சேதியைச் சொல்லும். 0002 என்றால் தேடிய கோப்பு அங்கே இல்லை. 0005 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 0020 என்றால் அந்தக் கோப்பை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது. 0070 என்றால் இடமில்லை. 80072 என்று தொடங்குபவை பெரும்பாலும் இணைய இணைப்பைப் பற்றியவை. 8024 என்பது அப்டேட் சேவையே எழுப்பும் பிழை. 800எஃப் என்று தொடங்கினால், பதிவிறக்கம் முடிந்து, பாகங்களை உரிய இடத்தில் பொருத்தும்போது சிக்கல் எழுந்திருக்கிறது. சி190 என்று தொடங்குபவை, ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறும் பெரிய மேம்பாட்டின்போது மட்டுமே தோன்றும்.

இணையத்தில் ஓர் எண்ணைத் தேடினால், எந்த எண்ணுக்கும் ஒரே பத்து வழிகளைச் சொல்லும் பக்கங்கள்தாம் முதலில் வருகின்றன. அவற்றை வரிசையாகச் செய்துகொண்டு போவதைவிட, எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பார்த்து எந்தத் திசையில் போவது என்று தீர்மானிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், கணினிக்கும் பாதுகாப்பானது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டார்ட் பட்டியலில் ஷட்டௌன் கொடுக்காமல், ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால், ஷட்டௌன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் உட்கரு முழுமையாக நிறுத்தப்படாமல் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. நாள்தோறும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன் என்று சொல்பவரின் கணினிகூட இதனால் வாரக்கணக்கில் உண்மையான மறுதொடக்கத்தைக் காணாமல் இருந்திருக்கும்.

அறிகுறி: அப்டேட் உள்ளதா என்று தேடும்போதே பிழை வருகிறது

80072ஈஈ2 என்றால் சர்வர் உரிய நேரத்தில் பதில் தரவில்லை. 80072ஈஈ7 என்றால் சர்வரின் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை. 80072ஈஎஃப்ஈ என்றால் இணைப்பு நடுவில் அறுந்தது. இவை மூன்றுக்கும் முதலில் விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்) இருந்தால் அணைத்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பின்னர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தேடிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் குறை வீட்டு இணைப்பில் இருக்கிறது. கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 8024402சி என்ற எண் வந்தால், செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் பழைய பிராக்ஸி (இடைநிலைச் சர்வர்) முகவரி ஏதேனும் மறந்து விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

80072எஃப்8எஃப் சற்று வேறானது. இந்த எண் வந்தால் திரையின் மூலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சர்வருடன் பேசும்போது அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இன்று செல்லுபடியாகுமா என்று கணினி சோதிக்கிறது. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தால், சரியான சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். பழைய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பழையதாக மாறினால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான போர்டுகளில் இருப்பது 2032 என்ற எண் உள்ள பேட்டரி; கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் அப்டேட்டும் வரத் தொடங்கும்.

80070422 என்றால் அப்டேட் சேவையை யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். டேட்டா மிச்சமாகட்டும் என்று முடக்கும் மென்பொருள்கள் உண்டு. கடைகளிலும் இப்படிச் செய்து தருகிறார்கள். ஸ்டார்ட் பட்டியலில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அந்தப் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் என்பதைத் திறந்து, டிஸேபிள்டு என்று இருந்தால் மேனுவல் என்று மாற்றி, ஸ்டார்ட் கொடுங்கள். மறுநாள் மீண்டும் முடங்கியிருந்தால், அதை முடக்கும் மென்பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: பதிவிறக்கம் ஒரே சதவீதத்தில் நிற்கிறது

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. இந்திய, இலங்கை நேரப்படி அது செவ்வாய் இரவு 10:30 மணி. அங்கே குளிர்காலமாக இருந்தால் 11:30 மணி. நமக்குப் புதன்கிழமை காலையில் அது கண்ணில் படும். அன்றே பதிவிறக்கம் மெதுவாக இருந்தால் ஒருநாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஹாட்ஸ்பாட் வழியாக இணையம் பெறுபவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த இணைப்பு மீட்டர்டு கனெக்ஷன் என்று குறிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாகப் பதிவிறக்காமல் காத்திருக்கும். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்ற வரம்புள்ள ரீசார்ஜ் திட்டமாக இருந்தால், வரம்பு தீர்ந்தபின் வேகம் மிகக் குறைந்து, பதிவிறக்கம் நின்றுவிட்டது போலவே தோன்றும். இரண்டும் பழுது அல்ல.

இணைப்பு நன்றாக இருந்தும், பல மணி நேரமாக ஒரே எண்ணில் நின்றால், அல்லது 80070002 வந்தால், இதுவரை இறக்கி வைத்த துண்டுகள் சேதமடைந்திருக்கக்கூடும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்க வைக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் ஆகிய இரண்டையும் ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரின் இறுதியில் பழையது என்று உணர்த்தும் ஏதேனும் ஒரு சொல்லைச் சேர்த்து, பெயரை மாற்றுங்கள். அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வதற்குக் காரணம், ஏதேனும் தவறினால் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதுதான். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அந்தக் கோப்புறையைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பெயரை மாற்ற அனுமதிக்கவில்லை என்றால், நிறுத்திய சேவை இதற்குள் மீண்டும் தொடங்கியிருக்கும். மறுபடி நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள், அல்லது மிகத் தேவையானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் செய்யுங்கள்.

இதன்பின் அப்டேட் ஹிஸ்டரி வெறுமையாகத் தெரியலாம். பலர் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். பட்டியல்தான் போயிற்று, முன்பு நிறுவப்பட்ட அப்டேட்டுகள் அனைத்தும் கணினியில் அப்படியே இருக்கின்றன.

அறிகுறி: இடமில்லை என்கிறது

80070070 வந்தாலும், பெரிய மேம்பாட்டின்போது சி190020ஈ வந்தாலும், சிக்கல் சி டிரைவில் உள்ள இடம்தான். அடுத்த பதிப்புக்கு மாற 20 ஜிபி வரை காலியிடம் தேவைப்படலாம். மாதாந்திர அப்டேட்டுக்கு 10 ஜிபி காலியாக இருந்தால் கவலையில்லை என்பது என் அனுபவம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே வரும் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதில் டிக் போட்டுவிடாதீர்கள். தற்காலிகக் கோப்புகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தாலும், அது நீங்கள் இறக்கி வைத்த கோப்புகள் உள்ள கோப்புறைதான். வங்கி அறிக்கையும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழும் பல வீடுகளில் அதற்குள்தான் கிடக்கின்றன. முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதை நீக்கினால் பல ஜிபி கிடைக்கும். ஆனால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பும் அதோடு போய்விடும். பொதுவாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு கோப்புறை மிகப் பெரியதாகத் தெரியும். அதற்குள் எதையும் கையால் அழிக்கக் கூடாது. விண்டோஸ் தன் பாகங்கள் அனைத்தையும் சேமித்து வைக்கும் கிடங்கு அதுதான். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்றிருப்பதால் அதன் அளவு உள்ளதைவிடப் பெரியதாகக் காட்டப்படுகிறது. அதில் கை வைத்தவர்களுக்கு அடுத்த பகுதியில் வரும் பிழைகள் உறுதியாகக் காத்திருக்கின்றன.

அறிகுறி: பதிவிறக்கம் முடிந்து, நிறுவும்போது தோல்வி

80073712, 800எஃப்081எஃப், 800எஃப்0831 ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாதாந்திர அப்டேட் என்பது முழு விண்டோஸ் அன்று. ஏற்கெனவே கிடங்கில் உள்ள பாகங்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் சேர்ப்பது அது. கிடங்கில் ஒரு பாகம் சிதைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, புதியதைப் பொருத்துவதற்கு அடித்தளம் இல்லாமல் போய்விடுகிறது. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போவது, பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவது, பழுதாகி வரும் வட்டு ஆகியவை இந்தச் சிதைவுக்கு வழக்கமான காரணங்கள்.

கிடங்கைச் செப்பனிட விண்டோஸிலேயே டிஸ்ம் என்ற கருவி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டியலில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடி, அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். டிஐஎஸ்எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். அதன்பின் ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று கட்டளைச் சொற்களை அதே வரிசையில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லின் முன்னும் ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோட்டைச் சொல்லோடு ஒட்டிப் போட வேண்டும். இரண்டாவது சொல்லின் நடுவில் ஒரு சிறு கோடு உண்டு. அதைத் தவறவிட்டால் கட்டளை ஏற்கப்படாது. என்டர் கொடுத்ததும் சதவீதம் ஏறத் தொடங்கும். 62.3 சதவீதத்தில் அது நெடுநேரம் நின்றுவிட்டதாகப் பலரும் கவலைப்பட்டு மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். மெதுவான ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அந்த இடத்தைக் கடக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

அது வெற்றியாக முடிந்தபின், அதே திரையில் எஸ்எஃப்சி என்ற மூன்று எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோட்டுடன் ஒட்டி ஸ்கேன்நவ் என்ற சொல்லையும் தட்டி என்டர் கொடுங்கள். இது இயங்குதளக் கோப்புகளைச் சோதித்து, சிதைந்தவற்றுக்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து நல்ல நகலை எடுத்துப் போடும். டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி அடுத்தது என்ற வரிசை முக்கியமானது. கிடங்கே சிதைந்திருக்கும்போது அதிலிருந்து எடுக்கும் நகல் எப்படி நன்றாக இருக்கும்? இரண்டும் முடிந்தபின் ரீஸ்டார்ட் கொடுத்து அப்டேட்டை மீண்டும் நிறுவுங்கள்.

டிஸ்ம் கட்டளையே 800எஃப்081எஃப் என்று தோல்வியடைந்தால், செப்பனிடத் தேவையான நல்ல பாகங்கள் அதற்குக் கிடைக்கவில்லை. அவற்றை அது வழக்கமாக விண்டோஸ் அப்டேட் வழியாகவே பெறுகிறது. அப்டேட்டே பழுதான கணினியில் அந்த வழி அடைபட்டிருக்கலாம். இந்நிலையில் கட்டளைகளோடு மேலும் போராடாமல், இறுதியில் சொல்லியுள்ள மேல்நிறுவல் முறைக்குச் செல்லுங்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செப்பனிட்ட சில வாரங்களில் அதே பிழை மீண்டும் வந்தால், மென்பொருளைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு வட்டையும் ரேமையும் சந்தேகியுங்கள். சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதியில் உள்ள செக் பொத்தானால் கோப்பு முறைமையைச் சோதிக்கலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் ரேமைச் சோதிக்கும் கருவி கிடைக்கும். வட்டில் பழுது தெரிந்தால் அப்டேட்டை மறந்துவிட்டு, அன்றே கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றுங்கள்.

80070020 வந்தால், நீங்கள் தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ்தான் பெரும்பாலும் கோப்பைப் பிடித்து வைத்திருக்கும். அதை முறையாக நீக்கிவிட்டு அப்டேட்டை நிறுவுங்கள். அந்த இடைவேளையில் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும்.

அறிகுறி: மறுதொடக்கத்துக்குப் பின் மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன

நீலத் திரையிலோ கருந்திரையிலோ சதவீதம் ஏறிக்கொண்டே போய், பிறகு மாற்றங்களை நீக்குகிறோம் என்ற வாசகம் வரும். மனம் சோர்ந்துபோகும் இடம் இதுதான்; ஆனால் விண்டோஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த வாசகம் திரையில் இருக்கும்வரை கணினியை அணைக்கக் கூடாது. மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்து வையுங்கள். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லையென்றால், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும் பொறுத்திருப்பதே நல்லது.

டெஸ்க்டாப்புக்குத் திரும்பியபின் எண்ணைப் பாருங்கள். 800எஃப்0922 என்றால் இரண்டு காரணங்கள் உண்டு: விபிஎன் காரணமாக அப்டேட் சர்வரை எட்ட முடியாமல் போயிருக்கலாம், அல்லது கணினியைத் தொடங்கி வைக்கும் மறைவான சிறு பார்ட்டிஷனில் (வட்டின் தனிப்பிரிவில்) இடம் இல்லாமல் இருக்கலாம். விபிஎன்னை அணைத்து முயல்வது எளிது; அதை முதலில் செய்யுங்கள். பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் வேலையை, முழு காப்பு நகல் இல்லாமல் யாரும் தொடங்கக் கூடாது.

80070643: தனியே சொல்ல வேண்டிய எண்

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட், ஏராளமான கணினிகளில் இந்த எண்ணுடன் தோல்வியடைந்தது. விண்டோஸ் எழாதபோது சரிசெய்ய உதவும் அதன் மீட்புச் சூழலைப் புதுப்பிக்க அது வந்தது. அதற்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டியிருந்தது. பல கணினிகளில், விண்டோஸே உருவாக்கிய அந்தப் பார்ட்டிஷன் அதற்குப் போதாத அளவில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தீர்வு, மீட்புச் சூழலை முடக்கி, சி டிரைவைச் சுருக்கி, ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாக மீண்டும் உருவாக்குவதாகும். சாதாரணப் பயனரை அந்த வேலையில் இறக்கியது சரியன்று என்றே நான் கருதுகிறேன். ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் வேறு பார்ட்டிஷன் அழிந்துவிடும்.

அந்த அப்டேட் அடைத்த ஓட்டை, கணினி கையில் கிடைத்த ஒருவர் பிட்லாக்கர் குறியாக்கத்தைத் தாண்டிச் செல்ல உதவுவது. உங்கள் கணினியில் பிட்லாக்கர் இல்லையென்றால் அந்த ஓட்டையால் உங்களுக்குப் புதிய ஆபத்து ஏதுமில்லை. பார்ட்டிஷனைத் தொடாமல் விட்டுவிடலாம். மற்ற மாதாந்திர அப்டேட்டுகள் நிறுவப்படுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: அடுத்த பதிப்புக்கு மாறும்போது சி1900101

இந்த எண்ணுக்குப் பின் ஒரு சிறு கோடும், அதையடுத்து 20017, 30018, 40017 போன்று இன்னோர் எண்ணும் வரும். இரண்டாவது எண்ணின் முதல் இலக்கம் கட்டத்தைச் சொல்கிறது. 2 என்றால் மேம்பாட்டுக்கான தற்காலிகச் சூழலில், 3 என்றால் முதல் தொடக்கத்தில், 4 என்றால் இரண்டாம் தொடக்கத்தில் அது நின்றது. எந்தக் கட்டமானாலும், சி1900101 பெரும்பாலும் ஏதோ ஒரு வன்பொருளின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை என்பதைக் குறிக்கும்.

கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பி கருவிகளையும் கழற்றுங்கள். பிரிண்டர், பென்டிரைவ், மெமரி கார்டு எதுவும் வேண்டாம். தனி ஆன்டிவைரஸை நீக்குங்கள். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வட்டு, டிஸ்பிளே, வைஃபை டிரைவர்களையும், கிடைத்தால் பயாஸையும் (கணினியைத் தொடங்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) புதுப்பியுங்கள். பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க மறக்க வேண்டாம். மேம்பாடு தோல்வியடைந்தால் செட்டப்டையாக் என்ற மைக்ரோசாஃப்டின் கருவி, அதன் காரணத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். விண்டோஸ் கோப்புறையில் லாக்ஸ் என்பதற்குள் செட்டப்டையாக் என்ற பெயரில் உள்ள கோப்புறையில் தேடுங்கள். குற்றவாளியான டிரைவரின் பெயரே சில சமயம் அதில் கிடைத்துவிடும்.

சி1900200 வந்தால், கணினி புதிய பதிப்பின் குறைந்தபட்சத் தகுதியை எட்டவில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு ஆகியவை வேண்டும்; இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும்.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பின் கணினி எழவே இல்லை

தொடக்கம் சில முறை தொடர்ந்து தோல்வியடைந்தால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் செல்லும். செல்லவில்லையென்றால், உற்பத்தியாளரின் சின்னம் தோன்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். கணினியை இப்படி அணைக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான். அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று செல்லுங்கள். குவாலிட்டி அப்டேட் என்பது மாதாந்திர அப்டேட். ஃபீச்சர் அப்டேட் என்பது பதிப்பு மாற்றம். அண்மையில் நிறுவியது எதுவோ அதை நீக்குங்கள். கணினி எழுந்ததும் அப்டேட்டைச் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக நிறுத்தி (பாஸ், அதாவது Pause) வையுங்கள். அந்த அப்டேட்டில் குறை இருந்திருந்தால் மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்துவதற்கு அந்த அவகாசம் உதவும்.

அறிகுறி: பிழை ஏதுமில்லை, ஆனால் அப்டேட்டும் வருவதில்லை

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. 22எச்2 பதிப்பில் இருக்கும் வீட்டுக் கணினிகள், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பெறலாம். சேர்வதற்கான இணைப்பு செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பகுதியிலேயே இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றின் பிராசஸர்கள் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலுக்கு மிக முந்தியவை. அவற்றில் கட்டாயமாக விண்டோஸ் 11ஐ ஏற்றும் குறுக்கு வழிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்தடுத்த அப்டேட்டுகள் அந்தக் கணினிகளுக்கு வரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்வது அவற்றுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் தரும்.

எதற்கும் இணங்காதபோது: மேல்நிறுவல்

ஃபார்மட் செய்யாமல், கோப்புகளையும் நிறுவிய மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, இருக்கும் விண்டோஸின் மேல் புதிய விண்டோஸை நிறுவலாம். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று சென்றால், விண்டோஸ் அப்டேட்டைக் கொண்டு சிக்கலைச் சரிசெய்யும் வசதியும் அருகில் ரீஇன்ஸ்டால் நவ் என்ற பொத்தானும் இருக்கும். அது தன் பதிப்பையே மீண்டும் இறக்கி நிறுவிக்கொள்ளும்.

அந்த வசதி இல்லாத கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவல் கோப்புகள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து, உள்ளே உள்ள செட்டப்பை இயக்குங்கள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் திரையில், கோப்புகளும் மென்பொருள்களும் என்ற முதல் தெரிவு தேர்ந்தெடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அது மங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மொழிப் பொருத்தமின்மையே காரணமாக இருக்கும். உங்கள் கணினியில் அமெரிக்க ஆங்கிலத்தில் விண்டோஸ் நிறுவப்பட்டிருக்க, நீங்கள் இறக்கியது இங்கிலீஷ் இன்டர்நேஷனல் கோப்பாக இருந்தால் அந்தத் தெரிவு கிடைக்காது. சரியான மொழியில் மீண்டும் இறக்கினால் தெரிவு திறக்கும்.

இதற்கும் இணங்காமல் கணினியைக் கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி மடிக்கணினியோடு ஒட்டிக் கொடுங்கள்: பிழை எண், நின்ற கட்டம், இதுவரை செய்து பார்த்தவை, என்னைத் தொலைபேசியில் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம் என்ற ஒரு வரி. கோப்புகளின் நகல் எடுத்த வெளி ஹார்டு டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.